குளித்துவிட்டு வந்தவர்

ஈரத் தலையோடு வரும் நெஞ்சுவலிக்காரரைப் பற்றி உங்கள் பாடப்புத்தகத்தில் ஒன்றும் இருக்காது. நான் தேடிப் பார்த்திருக்கிறேன். எழுதியவர்கள் எல்லோரும் வேர்வையைச் சொல்கிறார்கள், வெளிறிய முகத்தைச் சொல்கிறார்கள், இடது தோளைச் சொல்கிறார்கள். வலி வந்த பிறகு கிணற்றடிக்குப் போய்க் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டு, தலை சீவிக்கொண்டு ஆட்டோவில் ஏறி வருகிறவரைப் பற்றி யாரும் எழுதவில்லை. அவர் நம் ஊர்க்காரர். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட கிராமங்களில் உங்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. உங்கள் சித்தப்பாவாகக்கூட இருக்கலாம்.

கேஷுவாலிட்டியின் முதல் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நோயாளி வந்ததும் யாரை முதலில் உள்ளே எடுப்பது, யாரைக் காத்திருக்கச் சொல்வது என்று தீர்மானிக்கும் மேசை அது. மருத்துவர் பார்ப்பதற்கு முன்னால் அங்கே இருப்பது நீங்கள் மட்டும்தான். ஈசிஜி எடுப்பதையும் மாத்திரை கொடுப்பதையும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்கு இப்போது நல்ல பயிற்சி இருக்கிறது. நான் ஒருவருடைய சாவைப் பற்றியும் அதன் பிறகு நடந்ததைப் பற்றியும் சொல்கிறேன்.

எதற்கும் தேதி குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. எந்த வருடம் எந்த வாரம் நெய்யாற்றில் வெள்ளம் ஏறியது, எங்கள் சபையின் மணிக்கூண்டுக்கு எப்போது வெள்ளையடித்தார்கள் என்பதெல்லாம் கேட்டால் சொல்வேன். இந்த நிகழ்ச்சிக்கும் தேதி என்னிடம் இருக்கிறது. இங்கே எழுதவில்லை. அந்தக் குடும்பம் பக்கத்தில்தான் இருக்கிறது. பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் ஒரு சனிக்கிழமை, பனி விலகிய முன்காலை நேரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெரிய சிஸ்டரைச் சொல்ல வேண்டும். கேஷுவாலிட்டியின் பொறுப்பில் இருந்தவர். எனக்கு மட்டுமல்ல, அங்கிருந்த எல்லோருக்கும் அவர் பெரிய சிஸ்டர்தான். நெஞ்சுவலி என்று சொன்னவரை ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்க வைக்காமல் நர்ஸே உள்ளே எடுத்து ஈசிஜி போடலாம் என்ற ஏற்பாட்டை எங்கள் மருத்துவமனையில் கொண்டுவந்தவர் அவர். அதற்காக எத்தனை மருத்துவர்களோடு முட்டிக்கொண்டார் என்பது தனிக் கதை.

ஒருமுறை உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவரை ஒரு கூட்டம் தோளில் தாங்கிக் கொண்டுவந்தது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். பெரிய சிஸ்டர் அவர் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெஞ்சின் கோடியில் தனியாகக் குனிந்து உட்கார்ந்திருந்த ஒரு வயதான பெண்ணைக் காட்டி, “அந்த அம்மைய முதல்ல எடு மக்கா” என்றார் என்னிடம்.

“இது ஆருண்ணு சிஸ்டருக்குத் தெரியுமா?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“தெரியும். போஸ்டர்ல பாத்திருக்கேன். அவரு நீடூழி வாழுவாரு. அந்த அம்மையும் கொஞ்சநாள் வாழட்டு.”

கட்சிக்காரருக்கு அன்று காலையில் சாப்பிட்ட புரோட்டா. அந்த அம்மாவுக்கு மாரடைப்பு. இரண்டு பேரும் வீடு திரும்பினார்கள். கட்சிக்காரர் பிறகு ஒரு கூடை பழத்தோடு வந்து, “தோளுல வந்த என்னைய நடக்க வச்சிட்டியளே” என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவ்வளவு கூர்மையான கண் உள்ளவரிடம் ஒரு கடுமையும் இருந்தது. அழுக்கைப் பொறுக்க மாட்டார். சேறு, மீன் வாடை, ரப்பர் ஷெட்டின் வாடை எது வந்தாலும் முகம் மாறிவிடும். சிறு காயத்துக்கும் காய்ச்சலுக்கும் வந்தவர்கள் என்றால் நேராகவே சொல்லிவிடுவார்: “குளிச்சிட்டு வரப்படாதா? இது ஆஸ்பத்திரியாக்கும்.”

அவரைக் கொடியவர் என்று நினைத்துவிடாதீர்கள். நம் பகுதியின் பழைய வரலாற்றை நான் கிடைத்த வரையில் வாசித்திருக்கிறேன். எங்கள் முன்னோர்கள் நடக்கக் கூடாத வழிகள் இருந்தன. உடுக்கக் கூடாத துணிகள் இருந்தன. மிஷன் பள்ளிக்கூடங்களுக்குள் அவர்கள் நுழைந்தபோது எழுத்துக்கு முன்னால் கைக்கு வந்தது சோப்பு. குளித்து, வெளுத்த துணி உடுத்துப் போனால் எதிரே நிற்பவன் நம்மை ஆளாகப் பார்ப்பான் என்பது அவர்களுக்குப் பாடமாக இருந்தது. ஆலயத்துக்குப் போவதுபோல, கோயிலுக்குப் போவதுபோல, ஆஸ்பத்திரிக்கும் குளித்துவிட்டுத்தான் போக வேண்டும். டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னால் உள்ளே கிழிந்த பனியன் தெரியக் கூடாது. இந்து வீடோ கிறிஸ்தவ வீடோ, இதில் வித்தியாசம் கிடையாது. பெரிய சிஸ்டரும் அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவர்தான். வெளுத்த சீருடையில் அவர் நடப்பதைப் பார்த்தால் அது வெறும் சீருடை இல்லை என்று தெரியும். அவர் ஏசியது தன் சொந்த மனிதர்களைத்தான். அதனால்தான் அது அவர்களுக்கு ஆழமாகப் பட்டது.

அந்தச் சனிக்கிழமை முதல் மேசையில் நான் இருந்தேன். ஆட்டோவிலிருந்து ஒரு ஆணும் பெண்ணும் இறங்கினார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். கட்டம் போட்ட சட்டை, கஞ்சி போட்ட வேட்டி, வகிடெடுத்துச் சீவிய ஈரத்தலை. கல்யாணத்துக்குப் போகிற வழியில் இறங்கியதுபோல இருந்தார். மனைவி கையில் ஒரு பிளாஸ்டிக் பை வைத்திருந்தார். கிழக்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் வீடு. ஒட்டுப்பால் வியாபாரம். பால் வடிந்த பிறகு மரத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டியிருப்பதை வாங்கிச் சாக்கில் கட்டி வைத்து விற்பார்கள். அந்த வாடையை அறியாதவர்களுக்கு விளக்க முடியாது, அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவரை ராஜையன் என்றும் மனைவியைப் புஷ்பம் என்றும் சொல்கிறேன்.

“என்ன செய்யுது அண்ணா?”

“ஒண்ணுமில்ல சிஸ்டரே. நெஞ்சுல ஒரு கனம். சாரமில்ல, மாறிரும். இவ விடல்ல” என்று மனைவியைக் காட்டினார். பெஞ்சில் ஒருவர் கைக்குழந்தையோடு இருந்தார். “அந்தக் கொச்ச பாருங்க முதல்ல. நான் இருந்துக்கிடுவேன்.”

நான் எழுந்து அவரை உள்ளே அழைத்துப் போனேன். பெரிய சிஸ்டர் அங்கேதான் இருந்தார். வழக்கம்போலப் புறங்கையை அவர் நெற்றியில் வைத்தார். நெற்றி குளிர்ந்திருந்தது.

“குளிச்சியளா?”

“குளிச்சாச்சு சிஸ்டரே” என்று மனைவி முந்திக்கொண்டு சொன்னார். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்டதுபோன்ற குரல்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். குளிர்ந்த ஈர நெற்றி மாரடைப்பின் அடையாளம். குளித்து வந்தவரின் நெற்றியும் குளிர்ந்து ஈரமாகத்தான் இருக்கும். வலிக்காரர் சிரிக்கிறார், நடந்து வந்தார், நன்றாக உடுத்தியிருக்கிறார். பார்ப்பவரை ஏமாற்றுகிற எல்லாமே அவரிடம் இருந்தன. பெரிய சிஸ்டர் ஒரு துண்டை எடுத்து அவர் நெற்றியையும் மேலுதட்டையும் பவுடரோடு சேர்த்து அழுத்தித் துடைத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஈசிஜி வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தில் பொடி மணலைப்போல வேர்வை மறுபடி பூத்தது. கிணற்று வெள்ளம் துடைத்தால் போய்விடும், திரும்பி வராது.

“டாக்டரை விளி” என்றார். குரலை உயர்த்தவில்லை.

ஈசிஜி தாள் வெளியே வரும்போதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. இதயத்தின் முன்பக்கம் முழுவதும் அடிபட்டிருந்தது. அன்று பணியில் இருந்த மருத்துவர் இளைஞர், கொல்லம் பக்கத்துக்காரர், நல்ல பையன். இங்கேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதா, திருவனந்தபுரத்துக்கு அனுப்புவதா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். அதற்கு வலி தொடங்கிய நேரம் தெரிய வேண்டும்.

“வேதன எப்போழா தொடங்கியது?” என்று மலையாளத்தில் கேட்டார்.

“இப்பதான் சாரே. இப்பதான்” என்றார் புஷ்பம்.

தாமதித்ததற்கு ஏசுவார்களோ என்று பயந்துதான் அப்படிச் சொன்னார். நீங்களும் தினமும் இதைக் கேட்பீர்கள். கேட்ட கேள்வியையே திருப்பிக் கேட்டால் பயம்தான் கூடும், பதில் மாறாது. பெரிய சிஸ்டர் வேறு கேள்வி கேட்டார்.

“குளிக்கக் கிணத்துல இருந்து வெள்ளம் ஆரு கோரினது புஷ்பம்?”

“அவியதான் கோரினாவ. கரண்டு இல்ல, மோட்டர் ஓடல்ல. நான் கோருகேண்ணு சொன்னேன். உனக்குத் தெரியாது, மாறி நில்லுண்ணு சொல்லிட்டு...” சொல்லிக்கொண்டே வந்தவர் எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்தினார்.

“அப்ப நோவு இருந்துதா?”

“ஷெட்டுல சாக்கு கெட்டும்போதே வந்துது. இருந்து எழும்பி, பிறவுதான் குளிச்சாவ. சட்டைக்கு இஸ்திரி போட்டேன். கரண்டு இல்லாததுனால கரிப்பெட்டியில கனல் போட்டு...”

கனல் பிடிக்கும்வரை அவர் காத்திருந்திருக்கிறார். மருத்துவர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். மருந்து தொடங்கியது. ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று.

“எதுக்காக்கும் இந்நேரத்துல குளிப்பு?” பெரிய சிஸ்டர் ஊசி குத்திய கையைப் பிடித்தபடி தணிந்த குரலில் கேட்டார். பாதி தனக்குள் கேட்டதுபோல இருந்தது.

புஷ்பம் அவரை ஆச்சரியத்தோடு பார்த்தார். “நிங்கதான சிஸ்டரே சொன்னிய. அண்ணைக்குக் கத்தி பட்டுக் கை கீறி வந்தோமில்லியா. இது ஆஸ்பத்திரியாக்கும், ஒட்டுப்பால் ஷெட்டு இல்ல, குளிச்சிட்டு வரப்படாதாண்ணு எல்லாரும் கேக்கச் சொன்னியல்லா. அதுக்குப் பிறவு குளிக்காம இந்தப் படி ஏறமாட்டேண்ணு அவிய சத்தியம் பண்ணியிருந்தாவ.”

குற்றம் சாட்டுகிற குரல் அது இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறோம் என்று தெரிவிக்கிற குரல். கட்டிலில் கிடந்தவர் கையை அசைத்து, “அத விடு புள்ளே” என்றார். பிறகு பெரிய சிஸ்டரைப் பார்த்துச் சிரித்தார்.

“இண்ணைக்கு மணம் உண்டா சிஸ்டரே?”

பெரிய சிஸ்டர் அவர் பக்கம் குனிந்தார். “இல்ல மக்கா. சோப்பு மணந்தான்.”

“லைப்பாயாக்கும்” என்றார் அவர். அதன் பிறகு அவர் பேசியதாக எனக்கு நினைவில்லை.

ஆம்புலன்ஸ் பின்வாசலுக்கு வந்து நிற்கும்போது அவர் இதயம் நின்றது. நாங்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். பெரிய சிஸ்டர் வெகுநேரம் விடவில்லை. மருத்துவர் போதும் என்று சொன்ன பிறகும் அவர் கைகள் அந்த நெஞ்சின் மேலேயே இருந்தன. கட்டம் போட்ட சட்டையை நாங்கள் வெட்டியிருந்தோம். இஸ்திரி போட்ட மடிப்பு அதில் கலையாமல் இருந்தது.

இனி நான் சொல்ல வந்த இடம்.

புஷ்பம் வராந்தாவில் நின்றார். அழவில்லை. பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். மருத்துவர் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“குளிக்க விடாம நேரே கொண்டு வந்திருந்தா பிழைச்சிருப்பாவளா?”

இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். வேறு வடிவத்தில் வரும். நேற்றே வந்திருந்தால், அந்த மருந்துக்கடைக்குப் போகாமல் இருந்திருந்தால், நான் ஆட்டோவைத் தேடாமல் பக்கத்து வீட்டுக் காரைக் கேட்டிருந்தால் என்று வரும். இதற்கு நம்மிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. அதைத்தான் அந்த இளம் மருத்துவரும் சொன்னார்: “அதுகொண்டு ஒந்நும் அல்ல சேச்சி. வலிய அட்டாக் ஆயிருந்நு. எப்போ வந்நாலும் இதுதன்னெ.” பெரிய அட்டாக், எப்போது வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று இரக்கத்தால் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

புஷ்பம் முட்டாள் இல்லை. சற்றுமுன் வெள்ளம் கோரிய கதையைச் சொன்னபோது எங்கள் முகங்கள் மாறியதை அவர் பார்த்திருந்தார். மருத்துவரை விட்டுவிட்டுப் பெரிய சிஸ்டரைப் பார்த்தார்.

“நிங்க சொல்லுங்க.”

பெரிய சிஸ்டர் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சொன்னது இது:

“உறப்பா ஆராலயும் சொல்ல முடியாது. நேரே வந்திருந்தா ஒரு வழி கூடுதல் உண்டு. வெள்ளம் கோரினது தெற்று. கனல் போட்டு இஸ்திரி போட்டது தெற்று. ஆனா அது உன் தெற்று இல்ல புஷ்பம். அவரு தெற்றும் இல்ல. குளிச்சிட்டு வரச் சொன்னது நானாக்கும்.”

மருத்துவர் “சிஸ்டர்” என்று தடுக்கப் பார்த்தார். அவர் நிறுத்தவில்லை.

புஷ்பம் அவரை நிமிர்ந்து பார்த்தார். “என்னத்துக்கு இத இப்ப எங்கிட்ட சொன்னிய?” என்றார். “டாக்டரு சொன்னதப் பிடிச்சிட்டு நான் கிடந்திருப்பேனே.”

“கிடந்திருக்கமாட்ட. அத நம்பாம உன்னையே குத்தம் சொல்லிட்டு கிடப்ப. அதுக்கு என்னையச் சொல்லு.”

“சொல்லுவேன்” என்றார் புஷ்பம். “சாகுதது வரைக்கும் சொல்லுவேன்.”

பையைக் கீழே வைத்துவிட்டு அப்போதுதான் அவர் அழ ஆரம்பித்தார். பெரிய சிஸ்டர் தொடப் போனபோது கையைத் தட்டிவிட்டார்.

அவர் சொன்னது சரியா என்று அன்று முழுவதும் எங்களுக்குள் பேச்சு. மருத்துவருக்கு வருத்தம். வழக்கு, புகார் என்று வந்தால் என்ன செய்வது என்று அலுவலகத்தில் பயம். எனக்கே அது தேவையில்லாத கொடுமை என்றுதான் தோன்றியது. உண்மையைச் சொல்வதற்கு ஒரு காலம் உண்டு, கணவன் உள்ளே கிடக்கும்போது அல்ல என்று நினைத்தேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

“அவளுக்கு ஆராவது ஒராளக் குத்தம் சொல்லாம முடியாது மக்கா. வீட்டுல போய் அவ தனியா இருக்கும்போ பக்கத்துல வேற ஆரு உண்டு? அவ மட்டுந்தான்” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

ஆனால் சும்மா இருக்கவும் இல்லை. அந்தக் கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடியும் நேரம் பார்த்துச் சபை சபையாகப் போனார். கோயில் திருவிழாக் கமிட்டிக்காரர்களிடம் கெஞ்சி மைக்கில் ஐந்து நிமிடம் வாங்கினார். குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டங்களுக்குப் போனார். காஞ்சிரங்குளம் வரைக்கும், பூவார் வரைக்கும் போயிருக்கிறார். இரண்டு மூன்று இடங்களுக்கு நானும் கூடப் போனேன். நெஞ்சுவலி வந்தால் குளிக்காதீர்கள், துணி மாற்றாதீர்கள், எப்படி இருக்கிறீர்களோ அப்படியே வாருங்கள், அழுக்கோடு வாருங்கள், வாடையோடு வாருங்கள் என்றார். ஜனங்கள் மரியாதையாகக் கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள்.

ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்தே கேட்டுவிட்டார்: “குளிக்காம வந்தா அண்ணைக்கு ஏசினிய. குளிச்சா இண்ணைக்கு ஏசுதிய. எப்பிடி வந்தாலும் ஏச்சு உண்டுண்ணா குளிச்சிட்டே வாறோம் சிஸ்டரே.” கூட்டம் முழுவதும் சிரித்தது. பெரிய சிஸ்டரும் சிரித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார்.

ஒன்றும் மாறவில்லை. குளித்தவர்கள் குளித்துக்கொண்டுதான் வந்தார்கள். ஒருமுறை சொல்லி அவமானப்படுத்தியதை அவர்கள் மறக்கவில்லை. நூறுமுறை அன்பாகச் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ஏச்சுக்கு இருக்கிற நினைவாற்றல் அறிவுரைக்கு இல்லை. இதை நீங்கள் மேசையில் வாய் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும்.

அடுத்த வருடம் ஓணம் கழிந்த சமயத்தில் ஒருவர் வந்தார். ஒரு கன்னம் மழித்திருந்தது, மறு கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்திருந்தது. பனியன், லுங்கி. மகன் தாங்கிப் பிடித்திருந்தான். பெரிய கோயில் ஒன்றின் கமிட்டியில் இருப்பவர், நெற்றியில் சந்தனம் இல்லாமல் வீதியில் இறங்காதவர் என்று பிறகு தெரிந்தது.

“நெஞ்சு நோவு” என்றான் மகன். “ஷேவ் பண்ணிட்டு குளிச்சிட்டு இறங்கலாம்ண்ணு அப்பா நிண்ணாரு. அப்ப ஒட்டுப்பால்காரி ஒருத்தி வந்து ரேசரப் பிடுங்கி எறிஞ்சிட்டா.”

நேரத்தோடு வந்திருந்தார். பிழைத்தார். மறுநாள் நுரை காய்ந்த கன்னத்தைத் தடவிக்கொண்டு, “இந்தக் கோலத்துல என்னைய ஆரெல்லாம் பாத்தாவ?” என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு வரத் தொடங்கினார்கள். எல்லோரும் அல்ல, கிழக்குப் பக்கத்துக்காரர்கள். சேற்றோடு, மரத்தூளோடு, ஒட்டுப்பால் வாடையோடு. பெஞ்சில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். வந்தவர்களைக் கேட்டால் ஒரே பதில்தான். புஷ்பம் சொன்னாள், புஷ்பம் விடவில்லை, கிணற்றுக் கயிற்றைக் கையிலிருந்து பிடுங்கினாள். கணவனுக்குப் பிறகு ஷெட்டை அவரே நடத்திக்கொண்டிருந்தார். தோட்டம் தோட்டமாகச் சாக்கோடு போகிறவர். யார் வீட்டில் யார் நெஞ்சைப் பிடித்தாலும் அவர் காதுக்கு வந்துவிடும்.

சில சமயம் ஆட்டோவில் கூடவே வருவார். ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும்தான். இறங்க மாட்டார். பெரிய சிஸ்டர் அது தெரிந்து ஒருநாள் நோயாளியை என்னிடம் விட்டுவிட்டு வெளியே ஓடினார். நானும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புஷ்பம் ஆட்டோவில் உட்கார்ந்தபடி அவரைப் பார்த்தார். டிரைவர் தோளைத் தட்டினார். வண்டி திரும்பிப் போயிற்று.

அவர் ஊரில் என்ன சொல்கிறார் என்பதை அந்த ஆட்டோக்காரர்தான் எனக்குச் சொன்னார். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“நிங்க வேற ஒண்ணும் நினைக்கப்படாது சிஸ்டரே. அவ சொல்லுதது இதாக்கும்: அந்த ஆஸ்பத்திரி பெரிய சிஸ்டராக்கும் எம் மாப்பிளையக் குளிக்க வச்சுக் கொன்னது. ஆனா நெஞ்சு நோவுக்கு அங்கதான் போவணும். குளிக்காம நேரே போவணும்.”

கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார். வீடு வீடாகக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய சிஸ்டர் மைக்கில் சொன்னது ஒரு காதில் நுழைந்து மறு காதில் போயிற்று. இது போகவில்லை. குளிப்பாட்டிக் கொன்ற சிஸ்டரின் கதையை யாரும் மறக்கவில்லை. தோட்டத்தில், தேயிலைக்கடையில், ஆலயத்து வாசலில் எங்கும் அதுதான். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. பெரிய சிஸ்டர் நோயாளியைக் கையைப் பிடித்து இழுத்துக் குழாயடியில் உட்கார வைத்தார் என்றுகூடச் சொன்னார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. எதையும் நடந்தபடி எழுதி வைக்கிறவள் நான். அவரிடம் போய்ச் சொன்னேன். இது அநியாயம், நடந்தது இதுதான் என்று நான் எழுதுகிறேன், சபை மலரில் போடச் சொல்கிறேன் என்றேன்.

அவர் ஊசிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“மாத்தி எழுதிராத மக்கா. அந்தக் கதையாக்கும் ஆள நேரே கொண்டு வருது.”

“உங்க பேரு?”

“எம் பேருக்கு நெஞ்சு நோவு ஒண்ணும் இல்லியே.”

ஓய்வு பெறும் வரை அந்தப் பேரோடுதான் இருந்தார். வாடையோடு யாராவது வந்தால் மற்ற வேலையை விட்டுவிட்டு அவரே முன்னால் போவார். ஆளைப் பார்த்துவிட்டுப் பிறகு கேட்டைப் பார்ப்பார். புஷ்பம் கடைசிவரை உள்ளே வரவில்லை. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவும் இல்லை. மன்னித்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். இல்லை என்றுதான் நினைக்கிறேன். மன்னித்திருந்தால் ஒருவேளை சொல்வதை நிறுத்தியிருப்பார்.

பெரிய சிஸ்டர் ஓய்வு பெற்றுச் சில வருடங்களில் சிறுநீரகம் கெட்டு இறந்தார். அடக்கத்துக்குப் பழைய ஊழியர்கள் எல்லோரும் போயிருந்தோம். சபை நிறைந்திருந்தது. வெளியே வெயிலிலும் ஆட்கள் நின்றார்கள். கிழக்குப் பக்கத்திலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். புஷ்பம் இருக்கிறாரா என்று தேடினேன். இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. என் பக்கத்தில் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி மற்றவளிடம் தாழ்ந்த குரலில், “இவியளாக்கும் அந்த மனுசனக் குளிக்க வச்சுக் கொன்னது” என்றாள்.

“சும்மா இரு. நல்ல மனுசியாயிட்டுல்லா எல்லாரும் சொல்லுதாவ.”

“உள்ளதாக்கும். அதக் கேட்டுல்லா எங்க அண்ணன நாங்க தறியில இருந்து அப்பிடியே தூக்கிட்டு ஓடினது.”

நம்பாதவள் என் பக்கம் திரும்பினாள். நான் அந்த மருத்துவமனையில் இருந்தவள் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. “சிஸ்டரே, இவ சொல்லுதது உள்ளதா?”

நடந்தது முழுவதும் எனக்குத் தெரியும். நாளும் கிழமையும் உட்படத் தெரியும். உங்களுக்கு இதை எழுதுவதுகூட, நீங்கள் அந்த மேசையில் உட்காரப் போகிறவர்கள் என்பதால்தான். வெளியே யாராவது இந்தக் கதையை உங்களிடம் சொன்னால் திருத்தாதீர்கள்.

“உள்ளதுதான்” என்றேன்.